பாபினை விடாத கை

2021 மார்ச் 8. இந்திய நேரப்படி மாலை 5.33-க்கு முன்பு கிட்ஹப் தளத்துக்குள் நுழைந்திருந்த அத்தனை பேரையும் அந்த நிறுவனம் மொத்தமாக வெளியேற்றியது. உலகம் முழுக்க நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் அது. கோவையின் சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் மென்பொருள் வேலை பார்ப்பவர்கள் தினமும் திறக்கிற கதவு. எல்லோரும் மறுபடி கடவுச்சொல் கொடுத்து உள்ளே வர வேண்டியிருந்தது. யாரும் ஊடுருவவில்லை, கடவுச்சொல் எதுவும் களவு போகவில்லை. ஒருவருடைய செஷன் இன்னொருவர் கைக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எத்தனை பெரிது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வலைத்தளத்துக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. நாம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆளிடமிருந்து வருவதுதான். அதனால்தான் 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மோன்டுலி 'குக்கி' என்ற சின்னச் சீட்டை உருவாக்கினார். காந்திபுரம் சைக்கிள் ஸ்டாண்டில் தருகிற டோக்கன் மாதிரி அது. டோக்கன் நம் பையில், வண்டி அவர்களிடம். சர்வரில் நம் பெயரில் இருக்கும் அந்த வண்டிதான் செஷன். நாம் யார், கூடையில் என்ன போட்டோம், எந்தப் பக்கம் வரை வந்தோம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஒருவருக்கு ஒரு செஷன் என்பதால், அதை ஒரே நேரத்தில் ஒரு கைதான் தொடும் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. பிழை இங்கேதான் பிறக்கிறது. சர்வரில் பல இழைகள் (த்ரெட்) ஒரே சமயத்தில் ஓடுகின்றன. வரும் கோரிக்கைகளை அவை பங்கிட்டுக்கொள்கின்றன. ஒருவரே இரண்டு டேப் திறந்தால் போதும், இரண்டு இழைகள் அவருடைய செஷனில் ஒன்றாகக் கை வைக்கும். இன்றைய பக்கங்களோ நாம் ஒருமுறை தட்டினாலே பின்னால் பத்துக் கோரிக்கைகளை அனுப்புகின்றன.

சில வருடங்களுக்கு முன்பு, திருப்பூருக்கு நூல் அனுப்பும் வியாபாரி ஒருவருக்காக ஆர்டர் தளம் எழுதினேன். ஒருநாள் போன் வந்தது. "ஏனுங்க தம்பி, இருபது பை போட்டனுங்க. பதினஞ்சுதான் காட்டுது." கூடையில் ஏற்கெனவே பத்துப் பை இருந்திருக்கிறது. அவர் ஒரு டேபில் 30-ஆம் நம்பர் நூல் ஐந்து பையும், இன்னொரு டேபில் 40-ஆம் நம்பர் ஐந்து பையும் சேர்த்திருக்கிறார். முதல் இழை செஷனைப் பார்த்து 10 என்று படித்தது. அது கூட்டி எழுதுவதற்குள் இரண்டாவது இழையும் வந்து அதே 10-ஐப் படித்தது. இரண்டும் 15 என்று எழுதிவிட்டுப் போயின. ஐந்து பை எங்கேயும் இல்லை. எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை, எந்தப் பதிவேட்டிலும் சுவடு இல்லை. நான் அலுவலகத்தில் நூறு தடவை சோதித்துப் பார்த்தேன், ஒரு தடவைகூட வரவில்லை. வருமா? ஒரே ஆள், ஒரே டேப், ஒரு தட்டு முடிந்த பிறகு அடுத்த தட்டு. தேடித்தேடித் தலை சுற்றிப்போன வாரம் அது.

ஜாவா மொழியில் வலைச்செயலி எழுதுவதற்கான சர்வ்லெட் விதிநூல் இதை ஒளிக்காமல் சொல்கிறது. பொருள்கள் வைக்கும் அலமாரியைக் கட்டமைப்பு பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும். உள்ளே வைத்த பொருளுக்கு நிரலாளர்தான் பொறுப்பு. அதைப் பலர் படிப்பதில்லை. இப்படிப்பட்ட பிழை எத்தனை வலைச்செயலிகளில் மறைந்திருக்கிறது என்று ஜாவா வல்லுநர் பிரையன் கோட்ஸ் 2008-இல் ஒரு கட்டுரையே எழுதினார். வலைச்செயலி எழுத உதவும் இன்னொரு கட்டமைப்பான ஏஎஸ்பி டாட்நெட் வேறு வழியில் போனது. செஷனுக்குப் பூட்டுப் போட்டு, ஒரே ஆளின் கோரிக்கைகளை ஒன்றன் பின் ஒன்றாக விட்டது. பிஎச்பியும் செஷன் கோப்பைப் பூட்டும். கணக்குத் தப்பாது, ஆனால் ஒரு டேபில் பெரிய அறிக்கை தயாராகும்வரை மற்ற டேப்கள் காத்துக் கிடக்கும். தளம் மெதுவாக இருக்கிறது என்று புலம்பும் பலருக்கு இந்தப் பூட்டுதான் காரணம் என்பது தெரியாது.

கிட்ஹப்பில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் நினைவுதான் வந்தது. அவர் நூல் மில்லில் ரிங் ஃபிரேம் சைடர், நூற்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். நூல் நிறைந்த பாபின் வைண்டிங்குக்குப் போய், நூலைக் கோனுக்குக் கொடுத்துக் காலியாகித் திரும்பவும் ஃபிரேமுக்கு வரும். பழைய நம்பர் நூல் அடியில் நாலு சுற்று மிச்சமிருந்தாலும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஏற்றுவார். இல்லாவிட்டால் இரண்டு நம்பர் நூலும் ஒரே கோனில் கலந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. திருப்பூரில் துணியாகிச் சாயம் ஏறிய பிறகுதான் பட்டை பட்டையாகத் தெரியும்.

கிட்ஹப் பயன்படுத்திய யுனிகார்ன் சர்வரும் பாபினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. கோரிக்கையின் விவரங்களை வைக்க ஒரே ஒரு பாத்திரம். ஒரு கோரிக்கை முடிந்ததும் காலி செய்து அடுத்ததற்குக் கொடுக்கும். சர்வரின் ஒரு வேலையாள் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் பார்த்தவரை அதில் தப்பில்லை. பிறகு வேகத்துக்காகப் பின்னணியில் ஒரு புது இழையைச் சேர்த்தார்கள். கோரிக்கை முடிந்து, பாத்திரம் காலியாகி, வேறொருவரின் விவரம் அதில் நிரம்பிய பிறகும் அந்த இழை பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாபின் சுத்தமாகத்தான் இருந்தது, பழைய கை மட்டும் அதை விடவில்லை. சில கோரிக்கைகள் குறிப்பிட்ட வரிசையில், குறிப்பிட்ட இடைவெளியில் வந்தபோது, ஒருவரின் செஷன் குக்கி இன்னொருவருக்கான பதிலில் ஏறிக்கொண்டது.

பிப்ரவரி 8-க்கும் மார்ச் 5-க்கும் இடையில், எல்லாம் சேர்த்து இரண்டு வாரத்துக்கும் குறைவான காலமே இந்தப் பிழை உயிரோடு இருந்தது. பாதிக்கப்பட்ட செஷன்கள் 0.001 சதவீதத்துக்கும் குறைவு. எந்தச் சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. மார்ச் 2-ஆம் தேதி ஒரு பயனர், தான் வேறொருவராக உள்ளே நுழைந்திருப்பதைப் பார்த்தார். உடனே வெளியேறி, நிறுவனத்துக்குத் தகவல் சொன்னார். இன்னொருவரும் அதையே சொன்ன பிறகு பொறியாளர்கள் பதிவேடுகளைத் துருவிக் காரணத்தைக் கண்டார்கள். புது இழையை எடுத்துவிட்டார்கள். யுனிகார்னிலும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதுப் பாத்திரம் என்று மாற்றம் வந்தது. சிக்கனத்துக்காகப் பழையதையே சுழற்றும் ஆசையை அங்கே விட்டார்கள். எனக்கு அது மிகச் சரியான முடிவாகப் படுகிறது.

என் நூல் வியாபாரியின் தளத்திலும் பூட்டுப் போடத்தான் முதலில் நினைத்தேன். பிறகு எண்ணிக்கையையே செஷனிலிருந்து எடுத்துவிட்டேன். செஷனில் இப்போது கூடையின் எண் மட்டும்தான். ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் தரவுத்தளத்தில் தனியாக ஒரு வரி எழுதப்படும். பழைய எண்ணைப் படித்துக் கூட்டும் வேலையே இல்லை, கேட்கும்போது வரிகளைக் கூட்டிச் சொன்னால் போதும். அவரைப் பழையபடி இரண்டு டேபிலும் ஒரே நேரத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன்.

"வந்திருச்சுங்க தம்பி. இருபது."