காற்று கெட்டால் யாருக்குச் செலவு?

2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை. அன்று நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. சீரற்ற காலநிலையோடு காற்றின் மாசும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. வங்காள விரிகுடாவில் 'மாண்டஸ்' புயல் நின்ற அந்நாட்களில், இந்தியப் பக்கமிருந்து காற்றோடு வந்த மாசு யாழ்ப்பாணம், கொழும்பு உட்படப் பல நகரங்களின் மேல் புகாராகப் படிந்திருந்தது. இடப்பெயர்வுகளால் பிள்ளைகளின் படிப்பு குழம்பியதைக் கண்டவர்கள் நாம். காற்றுக்காகப் பள்ளிக்கூடம் மூடப்படுவது எமக்குப் புதிது.

பிள்ளையைத் தனியே விட முடியாமல் அன்று வேலைக்குப் போகாது நின்ற தாய்மார் எத்தனை பேர்? அவர்கள் இழந்த கூலி எவ்வளவு? காற்று மாசின் செலவைக் கணக்கிட முடியுமா? முடியும். அது எப்படிக் கணக்கிடப்படுகிறது, அதில் எமது பங்கு சேர்கிறதா என்று பார்ப்போம்.

லண்டன் போட்ட கணக்கு

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரை நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி சூழ்ந்தது. வழக்கத்தை விட ஏறத்தாழ 4,000 பேர் கூடுதலாக இறந்தனர் என அப்போது மதிப்பிடப்பட்டது. பிந்திய ஆய்வு ஒன்று அத்தொகை ஏறத்தாழ 12,000 ஆக இருக்கலாம் என்றது. இதன்பின் சேர் ஹியூ பீவர் தலைமையில் அரசாங்கம் அமைத்த குழு, இறப்புகளைப் பற்றி மட்டும் பேசி நிற்கவில்லை. அழுக்கேறும் கட்டடங்கள், துருப்பிடிக்கும் இரும்பு, கூடுதலாகத் துவைக்க வேண்டிய துணிகள், குறைந்துபோகும் வேலைத்திறன் என ஒவ்வொன்றாகக் கூட்டியது. காற்று மாசால் பிரித்தானியாவுக்கு ஆண்டுக்கு 25 கோடி பவுண் நட்டம் என 1954 இல் அறிக்கை கொடுத்தது. 1956 இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையைக் கட்டுப்படுத்தப் பணமில்லை என்போருக்கு, புகையை விட்டுவைப்பதற்கும் பணம் போகிறது என்பதை அந்தத் தொகை எடுத்துக் காட்டியது.

இன்றைய முறை

இன்று மூன்று படிகளில் இக்கணக்கு போடப்படுகிறது. முதலில், காற்றிலுள்ள நுண்துகள்களை அளக்கிறார்கள். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கேயான இத்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. ஒரு கனமீற்றர் காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமை மிஞ்சக் கூடாது என உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பரிந்துரைத்தது. இரண்டாவதாக, இந்த மாசால் இருதய நோய், பாரிசவாதம், சுவாச நோய் எத்தனை பேருக்குக் கூடும் என நீண்டகால ஆய்வுகளைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். மூன்றாவதாக, வைத்தியச் செலவு, இழந்த வேலைநாள், முற்கூட்டிய மரணம் ஆகியவற்றுக்கு விலை போடுகிறார்கள்.

நுண்துகள் மாசினால் 2019 இல் உலகுக்கு ஏற்பட்ட உடல்நலச் சேதத்தை உலக வங்கி 8.1 திரில்லியன் டொலர் என மதிப்பிட்டது. வெளிக்காற்று, அடுப்புப்புகை இரண்டும் இதில் அடங்கும். இது உலகின் மொத்த உற்பத்தியில் 6.1 வீதத்துக்குச் சமம்.

விடுபடுவது என்ன?

உயிருக்கு எப்படி விலை போடுவது? மரண அபாயத்தைச் சிறிது குறைப்பதற்கு மக்கள் எவ்வளவு பணம் கொடுக்கத் தயார் என்று பார்க்கிறார்கள். வருமானம் குறைந்தவர் குறைவாகவே கொடுக்க முடியும். ஆகவே ஏழை நாட்டு உயிருக்குத் தாளில் விழும் விலையும் குறைகிறது. அது உயிரின் பெறுமதி அல்ல, கையிலுள்ள காசின் அளவு மட்டுமே.

மற்றைய குறை பெண்களாகிய எம்மை நேரே தொடுகிறது. சம்பளம் கிடைக்கும் வேலையே பெரும்பாலும் கணக்கில் ஏறுகிறது. தொய்வு இழுக்கும் பிள்ளையை இரவு முழுவதும் நிமிர்த்திப் பிடித்திருக்கும் தாயின் உழைப்புக்குச் சம்பளம் இல்லை.

ஓர் உதாரணம். நகர வீதியோரம் வாடகை அறையில் வாழும், கணவனை யுத்தத்தில் இழந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவருடைய நாட்கூலி 2,000 ரூபா என வைத்துக்கொள்வோம். பிள்ளையின் வருத்தத்தால் மாதம் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டாலே ஆண்டுக்கு 24,000 ரூபா போய்விடும். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம் என்பதால் அவருக்குச் செலவே இல்லை என்று தோன்றும். ஆனால் பஸ் காசு? அவசரத்துக்கு வாங்கிய கடனின் வட்டி? மாற்றி இருந்து பார்க்க வீட்டில் இன்னொருவர் இல்லாத கஷ்டத்தை எந்த நிரலில் எழுதுவது?

ஒரு கொப்பி போதும்

காற்றைத் திருத்துவது ஆகாத காரியமல்ல. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயம் கலந்த பெற்றோல் எமது நாட்டில் 2002 இல் நிறுத்தப்பட்டது. அதிக புகை கக்கும் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008 இல் தடைசெய்யப்பட்டது. வாகனப் புகைப் பரிசோதனையும் அவ்வாண்டிலேயே தொடங்கியது.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு கொப்பியில் பிள்ளைக்கு இழுப்பு வந்த திகதி, இழந்த வேலைநாள், பஸ் காசு, மருந்துச் செலவு, விழித்திருந்த இரவு ஆகியவற்றை எழுதுங்கள். அன்று பக்கத்தில் குப்பை எரிந்ததா, புகை வந்ததா என்பதையும் குறியுங்கள். மாதர் சங்கத்தில் பத்துப் பேரின் கொப்பிகளை ஒன்றுசேர்த்தால் நகரசபைக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கொடுக்க ஒரு மனு தயார். வெறும் முறைப்பாட்டைத் தட்டிக் கழிப்பது சுலபம். திகதியும் தொகையும் கொண்ட முறைப்பாட்டை அப்படித் தட்ட முடியாது.

அன்று லண்டனில் துணி துவைக்கும் செலவையும் கணக்கில் எழுதினார்கள். எமது விழித்திருந்த இரவுகளை நாமே எழுதத் தொடங்குவோம்.