கொக்கி தலையிலா, வாலிலா?

‘மழை பெய்...’

இதோடு நிறுத்திவிடுகிறேன். ஆட்டம் நடந்ததா, நின்றதா? சொல்ல முடியாதுதானே! பெய்தபோது, பெய்ததால், பெய்தால், பெய்தாலும் என்று எது வேண்டுமானாலும் வரலாம். தமிழில் இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கும் கொக்கி, வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் கொக்கி தலையில். ‘இட் ரெயின்ட்’, ‘த மேட்ச் ஸ்டாப்ட்’ என்ற இரண்டையும் சேர்க்க, முதல் வாக்கியத்தின் முன்னால் ஒரு சொல்லை மாட்டினால் போதும்: ‘வென் இட் ரெயின்ட், த மேட்ச் ஸ்டாப்ட்.’ வென் நேரம் சொல்லும். பிகாஸ் காரணம் சொல்லும். எதை மாட்டினாலும் ‘ரெயின்ட்’ அப்படியே இருக்கும். ஆட்டம் எப்போது நின்றது, ஏன் நின்றது என்று வினையை விளக்குவதால் இந்தப் பகுதிக்கு அட்வெர்பியல் கிளாஸ் என்று பெயர். இது முன்னால் வந்தால் ஒரு காற்புள்ளி போடுங்கள். பின்னால் போனால் பெரும்பாலும் தேவையில்லை.

ஏன் இப்படித் தலைகீழாக? 1963-இல் ஜோசப் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க மொழியியலாளர் 30 மொழிகளை ஒப்பிட்டு 45 பொதுவிதிகளை எழுதினார். வினை கடைசியில் வரும் மொழிகளில் ‘மேசைக்கு மேல்’ என்பதுபோல உறவு காட்டும் சொல் பெரும்பாலும் பின்னால் வரும் என்பது அவற்றுள் ஒன்று. ஆங்கிலத்தில் ‘ஆன் த டேபிள்’ என்று ‘ஆன்’ முன்னால் நிற்கிறது பாருங்கள். வாக்கியக் கொக்கியும் அநேகமாக அதே வழியில்தான் போகிறது. தமிழைப் போலவே வினையில் முடியும் ஜப்பானிய மொழியில் ‘ஃபுரு’ என்றால் பெய்யும். ‘ஃபுரெபா’ என்றால் பெய்தால். அங்கேயும் வால்தான்!

காலத்தில் இன்னொரு வேடிக்கை. ‘மழை நின்றதும் விளையாடுவேன்’ என்கிறோம். மழை இன்னும் நிற்கவே இல்லை. ஆனாலும் ‘நின்ற’ என்று இறந்தகாலம்! ஆங்கிலத்தில் அதே இடத்தில் நிகழ்காலம் வரும்: ‘ஐ வில் ப்ளே வென் த ரெயின் ஸ்டாப்ஸ்.’ அங்கே ‘வில் ஸ்டாப்’ என்று எழுதினால் தவறு.

இதைவிட அதிகமாக நாம் சறுக்கும் இடம் ஆல்தோ. ‘ஆல்தோ இட் ரெயின்ட், பட் வீ ப்ளேட்’ என்று எழுதிவிடுகிறோம். தலையில் மாட்டிய கொக்கி நம் கண்ணுக்குக் கொக்கியாகத் தெரிவதில்லை போலும். அதனால் நடுவில் இன்னொன்றைச் செருகுகிறோம். ‘மழை பெய்தாலும், ஆனால் விளையாடினோம்’ என்று தமிழில் சொல்வீர்களா? உங்கள் ஆங்கில நோட்டைப் புரட்டி, ஆல்தோவுக்குப் பின்னால் ஒரு ‘பட்’ ஒளிந்திருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள்.