ஏழு நட்சத்திரமும் நூறு வீட்டுப் பூட்டும்!

ஹாஸ்டலில் உங்க பக்கத்து பெட்காரர் கையில் திடீரென்று ஒரு கயிறு முளைத்தால் என்ன நினைப்பீர்கள்? 'ஏதோ மேட்டர் இருக்கு'ன்னுதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனால், என் ரூம்மேட் கதையே வேறு. ரெண்டு அரியர், கழுத்து வரைக்கும் செமஸ்டர். பய 350 ரூபாய் கொடுத்து, பழைய காசு மாதிரி ஒரு டாலரை வாங்கி, சிவப்புக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். நடுவில் சதுர ஓட்டை. சுற்றி ஏழு புள்ளிகள், அவற்றை இணைத்து ஒரு கோடு.

"சைனா லக்கி ஸ்டார் மச்சி. இதைக் கட்டினா கெட்டது எதுவும் அண்டாதாம்!"

'அண்டாதுன்னா, எப்படி அண்டாது?' இன்ஜினீயரிங் புத்தி சும்மா இருக்குமா? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்த கதைகளைக் கேட்டால் நீங்களும் கொஞ்சம் அசந்துதான் போவீர்கள்.

வானத்தில் ஒரு அகப்பை

அந்த ஏழு புள்ளிகள் யார் தெரியுமா? நாம் சப்தரிஷி மண்டலம் என்கிறோமே, அதே ஆட்கள்தான்! சீனர்கள் கண்ணுக்கு அது நீளமான பிடி வைத்த அகப்பை. பெயர் 'பெய்தோ', அதாவது வடக்கு அகப்பை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் நதிக்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அது அடிவானத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. இருட்டியதும் அதன் பிடி கிழக்கே காட்டினால் வசந்தம். தெற்கே காட்டினால் கோடை. மேற்கே இலையுதிர் காலம், வடக்கே குளிர்காலம். காசு கொடுக்காமல் வானத்தில் மாட்டிய காலண்டர்!

காலத்தைக் காட்டுகிற நட்சத்திரம் நம்ம ஆயுளையும் கணக்குப் பார்க்காதா? தாவோ மதத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. பிறப்புக் கணக்கு தெற்கு அகப்பையிடம் (தனுசு ராசிப் பக்கம் இருக்கும் ஆறு நட்சத்திரங்கள்), இறப்புக் கணக்கு வடக்கு அகப்பையிடம் என்பது நம்பிக்கை. அதனால்தான் தாவோ பூசாரிகள் சடங்கின்போது, தரையில் அந்த ஏழு நட்சத்திரங்களும் இருப்பதாகப் பாவித்து, ஒரு காலை இழுத்து இழுத்து அவற்றின் மேல் அடி வைத்து நடப்பார்கள். 'யூவின் நடை' என்று இதற்குப் பெயர். அவர்கள் சடங்கு வாளிலும் ஏழு புள்ளிகள் இருக்கும்.

ரூம்மேட் கையில் இருந்ததும் அந்தப் பரம்பரைதான். கடையில் செல்லாத, காப்புக்காக மட்டுமே வார்க்கப்பட்ட 'தாயத்துக் காசுகள்' ஹான் வம்சக் காலத்திலிருந்தே சீனாவில் உண்டு. ஏழு நட்சத்திரம், வாள், ஆமை, பாம்பு எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சதுர ஓட்டை, கயிறு கோக்க வசதி!

பத்தொன்பதா... தொண்ணூறா?

நான்காம் நூற்றாண்டில் கான் பாவ் என்பவர் விநோதக் கதைகளைத் தொகுத்து 'சோ ஷென் ஜி' என்று ஒரு புத்தகம் போட்டார். அதில் ஒரு கதை. குவான் லூ என்ற பிரபல ஜோசியர், ஒரு பையனின் முகத்தைப் பார்த்தே 'அல்பாயுசு' என்று சொல்லிவிடுகிறார். அப்பா காலில் விழாத குறையாகக் கெஞ்ச, ஒரு வழி சொல்கிறார். 'கோதுமை வயலுக்குத் தெற்கே மல்பெரி மரத்தடியில் ரெண்டு பேர் காய் உருட்டிக்கொண்டிருப்பார்கள். மதுவும் மான் கறியும் எடுத்துப் போ. ஊற்றிக்கொண்டே இரு. வாயைத் திறக்காதே!'

பையன் அப்படியே செய்கிறான். ஆட்ட மும்முரத்தில் ரெண்டு பேரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவனைப் பார்க்கிறார்கள். வடக்கே உட்கார்ந்தவருக்குக் கோபம். தெற்கே இருந்தவரோ, 'அவன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டோமே' என்று ஏட்டைப் பிரிக்கிறார். ஆயுள்: 19. சீனத்தில் அதை 'பத்து, ஒன்பது' என்று எழுதுவார்கள். பேனாவை எடுத்து எழுத்தை இடம் மாற்றுகிறார். 'ஒன்பது, பத்து'. அதாவது 90! அந்த ரெண்டு பேரும் யாரென்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். ரெண்டு அகப்பைகள்தான்.

இங்கே ஒன்றைக் கவனிச்சீங்களா? அந்தப் பையன் கையில் தாயத்து எதுவும் இல்லை. அவனுக்காகக் கெஞ்ச ஒரு அப்பா இருந்தார். அவ்வளவுதான்!

பேரரசர் கையில் அகப்பை

இப்போது நேர் எதிர்க் கதை. இது கதையல்ல, ஹான் வம்ச வரலாற்று நூலில் பதிவான சம்பவம். கி.பி. 9-ல் அரியணையைக் கைப்பற்றியவர் வாங் மாங். எதிரிகளை அடக்க கி.பி. 17-ல், வடக்கு அகப்பை வடிவத்திலேயே உலோகத்தில் ஒன்றை வார்க்கச் சொன்னார். நீளம் கிட்டத்தட்ட 58 சென்டிமீட்டர். வெளியே போனால் முன்னால் போகும், அரண்மனையில் இருந்தால் பக்கத்தில் இருக்கும்.

ஆனால், வெளியே மஞ்சள் நதி வெள்ளம், பஞ்சம், அவர் போட்ட சட்டங்களால் நொந்துபோன ஜனங்கள். கி.பி. 23-ல் கிளர்ச்சிப் படை தலைநகருக்குள் நுழைந்தது. நகரத்து இளவட்டங்களே அரண்மனை வாசலுக்குத் தீ வைத்தார்கள். உள்ளே பேரரசர் என்ன செய்தார் தெரியுமா? அகப்பையின் பிடி காட்டும் திசைக்கு ஏற்ப இருக்கையைத் திருப்பித் திருப்பி உட்கார்ந்துகொண்டிருந்தார்! தப்பி ஓடும்போதும் அந்த அகப்பையை விடவில்லை. அது அவரைக் காப்பாற்றவும் இல்லை.

வீடு வீடாக வாங்கிய காசு

அப்போ காப்பு நகை எல்லாமே சும்மாவா? 'சும்மா' என்று சொல்ல என்னால் முடியவில்லை. காரணம், சீனக் குழந்தைகள் கழுத்தில் தொங்கிய 'நீண்ட ஆயுள் பூட்டு'. வெள்ளியில் செய்த குட்டிப் பூட்டு அது. குழந்தையை உயிரோடு சேர்த்துப் பூட்டி வைப்பதாக அர்த்தம். பச்சைக் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்துப்போன காலத்தில், பெத்தவங்க பயத்துக்கு வேறு என்ன வழி? குழந்தையின் தொப்பியில் நீள் ஆயுள் தேவரின் வெள்ளி உருவத்தைத் தைப்பதும் உண்டு. அவரும் ஒரு நட்சத்திரம்தான்... நாம் அகத்தியர் என்று சொல்லும் அதே நட்சத்திரம்!

இதில் 'நூறு வீட்டுப் பூட்டு' என்று ஒரு வகை. பெற்றோர் வீடு வீடாகப் போய், ஆளுக்கொரு காசு வாங்கிச் சேர்த்துச் செய்வது. வசதி இருப்பவர்களும் அப்படிப் போய்க் கேட்டார்கள். வெள்ளி வாங்கக் காசில்லாமல் இல்லை. 'இந்தக் குழந்தை நல்லா இருக்கட்டும்' என்று நூறு வீடு நினைக்க வேண்டுமே, அதற்காக!

சப்தரிஷி நட்சத்திரங்களில் பல நம்மிடமிருந்து சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வந்து அது யாருடைய ஹால் டிக்கெட்டையும் பார்க்கப்போவதில்லை. 2020-ல் சீனா முழுமையாக்கிய சாட்டிலைட் வழிகாட்டி அமைப்புக்கும் 'பெய்தோ' என்றுதான் பெயர். அது வேலை செய்வதற்குக் காரணம் பேர் இல்லை, கணக்கு!

சரி, நம்ம ஆள்? பரீட்சைக்கு முந்தின ராத்திரி எதிர் ரூம் சீனியர் லாப்ளாஸ் சொல்லிக்கொடுத்தார். ஒருத்தன் ஜெராக்ஸ் கொண்டு வந்தான். ஒருத்தன் கால்குலேட்டர் கொடுத்தான். ரெண்டு பேர் பழைய கொஸ்டீன் பேப்பரைத் துருவினார்கள். ஒருத்தன் நடுராத்திரியில் டீ போட்டான். காலையில் நாலு மணிக்கு எழுப்பிவிட்டது நான்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. "350 ரூபாய் வேஸ்ட்டா மச்சி?"ன்னு கேட்டான். விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். ஆறு பேர். என்னையும் சேர்த்தா ஏழு!

கயிற்றை அவன் கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை.