ஜிம்முக்குள் புகுந்த ஊசி! அவசர உடம்புக்கு ஆசைப்படும் வாலிபர்கள்

சென்னையில் இப்போது தெருவுக்குத் தெரு ஜிம். கீழே மளிகைக்கடை, மாடியில் ஜிம். விடிகாலையிலேயே ஷட்டர் திறக்கிறது. ராத்திரி வரை இரும்புச் சத்தம் ஓய்வதில்லை.

நல்ல சங்கதிதான்! பையன்கள் ஊர் சுற்றாமல் உடம்பைத் தேற்றினால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் சில இடங்களில் டம்பெல்லுக்குப் பக்கத்திலேயே ஊசி மருந்தும் நுழைந்துவிட்டது. ஆபத்து அங்கேதான்!

கர்லா போச்சு, சிக்ஸ் பேக் வந்தது

அந்தக் காலத்தில் தேகப்பயிற்சி சாலை. மண் தரை, கர்லா கட்டை, தண்டால், பஸ்கி. உடம்பு தேற வருஷக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் வாத்தியார் விரட்டிவிடுவார்.

2008-ல் ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் சூர்யா சிக்ஸ் பேக்கோடு வந்தார். அந்த வார்த்தை பட்டிதொட்டி எங்கும் பரவியது. இன்றைக்கு செல்போனைத் திறந்தாலே, “மூணே மாசத்துல உடம்பு” என்று ஆளுக்கொரு வீடியோ.

“மாஸ்டர், கல்யாணத்துக்கு மூணு மாசம்தான் இருக்கு. ஆர்ம்ஸ் ஏறணும்!” இப்படி வந்து நிற்கும் பையனிடம், “அவசரப்படாதே தம்பி” என்பார் நல்ல மாஸ்டர். மற்றவர் காதோடு காதாக வேறு வழி சொல்வார்.

ஆஸ்பத்திரி மருந்து

மெபென்டர்மின் என்று ஒரு ஊசி. ஆபரேஷன் நேரத்தில் நோயாளிக்கு ரத்த அழுத்தம் விழுந்தால், அதைத் தூக்கி நிறுத்த டாக்டர் போடுவது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது.

இதைத்தான் சில பையன்கள் பயிற்சிக்கு முன்னால் ஏற்றிக்கொள்கிறார்கள். களைப்பு தெரியாது. இதயம் படபடவென்று அடிக்கும். உடம்பு “போதும்” என்று சொல்வது காதில் விழாது. பழகினால் போதை மாதிரி பிடித்துக்கொள்ளும். புத்தி பேதலித்தவர்களும் உண்டு. ஐதராபாத், புனே நகரங்களில் கள்ளத்தனமாக விற்றவர்களை போலீசார் பிடித்திருக்கிறார்கள்.

இன்னொன்று ஸ்டீராய்டு. சதை ஏறும், நிஜம்தான். கூடவே விந்தணு குறையும். ஆணுக்கு மார்பு பெண்ணைப் போல வீங்கும். கல்லீரல் கெடும். இதயத்துக்கும் ஆபத்து. கல்யாணத்துக்காகப் போட்ட ஊசி, கடைசியில் பிள்ளை பாக்கியத்துக்கே உலை வைக்கும்!

ஒரே ஊசியை நாலு பேர் போட்டுக்கொண்டால் எய்ட்ஸ் கிருமியும், மஞ்சள் காமாலைக் கிருமியும் இலவசம்.

டப்பாவைப் பார்த்து வாங்குங்க!

புரோட்டீன் பவுடரிலும் போலி உண்டு. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க லைசென்ஸ் நம்பர் இருக்கிறதா? பில் தருகிறார்களா? இல்லையென்றால் தொடாதீர்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. கொண்டைக்கடலை, பயறு, மீன் எல்லாம் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்.

நெஞ்சு வலியா? நிறுத்து!

ஊசியே போடாதவர்களும் ஒன்றை மறக்கக்கூடாது. 2021 அக்டோபர் 29-ந்தேதி கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் பெங்களூரில் மாரடைப்பால் இறந்தார். வயது 46. உடற்பயிற்சியில் பேர் போனவர். கட்டுமஸ்தான உடம்புக்குள்ளும் இதயக் கோளாறு ஒளிந்திருக்கும்.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு ஜிம்மில் சேரட்டும். பயிற்சியின்போது நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தமாகலாம். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

காசில்லா வழி

வாரம் 150 நிமிட வேக நடை, 2 நாள் தசைப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு இவ்வளவுதான். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் நடக்கக் காசு கேட்பார் இல்லை. 2023 நவம்பர் 4-ந்தேதி மாவட்டந்தோறும் 8 கிலோ மீட்டர் நடைபாதைத் திட்டத்தை அரசே தொடங்கியது.

ஜிம்முக்குத்தான் போவேன் என்றால், பணம் கட்டுமுன் மாஸ்டரிடம் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள். ஊசி பேச்சு எடுத்தால் படியிறங்கி வந்துவிடுங்கள். மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கும் போலீசுக்கும் தகவல் சொல்லுங்கள். அதிகாரிகளும் மாடிப்படி ஏறி சோதனை போட வேண்டும்.

பெற்றோரே, பையனின் புஜத்தைப் பார்த்துப் பூரிப்பது சரி. அவன் பையையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்!