வீட்டுக் கூடமும் ஒலிப்பதிவுக் கூடமும்

அமெரிக்காவின் புளூ நோட் கம்பெனி 1950களின் பிற்பகுதியில் வெளியிட்ட ஜாஸ் இசைத்தட்டு ஒன்று எங்கேனும் கைக்குக் கிட்டினால், ஒலிக்கோடுகள் முடிந்து நடுச்சீட்டு தொடங்குவதற்கு முன் வெறுமையாய் விடப்பட்டிருக்கும் கறுப்பு வளையத்தை விளக்கொளியில் சற்றே சாய்த்துப் பார்க்க வேண்டும்; ஊசியால் கீறினாற்போல் சில எழுத்துக்கள் அங்கே மின்னும். வாசித்த வித்வானின் பெயரல்ல அது. கம்பெனி முதலாளியின் பெயருமல்ல. 'ஆர்.வி.ஜி.' என்ற மூன்றெழுத்து இருக்கும். இந்தத் தட்டின் மூலப் பிரதியை நானே என் கையால் வெட்டினேன் என்பதற்கு ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் இட்டுச் சென்ற அடையாளம் அது. பழைய தட்டுக்களைச் சேகரிப்பவர்கள், வைரத்தில் தோஷம் பார்க்கும் வியாபாரியைப் போல, இவ்வெழுத்துக்களைத் தேடிக் கண்ட பிறகுதான் விலை பேசவே தொடங்குகிறார்கள்.

நியூ ஜெர்ஸி மாகாணத்தில் 1924ஆம் ஆண்டு பிறந்த இம்மனிதர் தொழில்முறையில் காதுக்காரர் அல்லர், கண்ணுக்காரர். பென்சில்வேனியாவில் கண் பரிசோதனைக் கல்லூரியில் பயின்று, நாட்டிலேயே பெரும்பெயர் பெற்ற ஒலிப்பதிவாளராக ஆன பின்னரும் 1959 வரையில், வந்தவர்களின் பார்வையைச் சோதித்து மூக்குக்கண்ணாடி எழுதிக் கொடுப்பதையே ஜீவனோபாயமாக வைத்துக் கொண்டிருந்தார். அந்த வருமானம் முழுவதும் மைக்குகளாகவும் டேப் யந்திரங்களாகவும் உருமாறி, ஹாக்கன்சாக் என்னும் ஊரில் அவருடைய பெற்றோர் கட்டியிருந்த வீட்டின் கூடத்தில் வந்து சேர்ந்தது. கூடத்தை அடுத்த ஒரு சிறிய அறையில் யந்திரங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு கண்ணாடிச் சன்னல். அவ்வளவுதான் ஒலிப்பதிவுக் கூடம். புகைப்படக் கலைஞர் ஃபிரான்சிஸ் உல்ஃப் அங்கே எடுத்த புகைப்படங்களில், கண்ணை மூடி ஸாக்ஸபோன் வாசிக்கும் மேதைக்குப் பின்னால், சன்னலில் பட்டைத் திரையும், மூலையில் வீட்டு மேஜை விளக்கும் சாவதானமாய் நின்று கொண்டிருக்கும். ஸாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'புளூ டிரெயின்' 1957இல் பதிவானது இந்தக் கூடத்தில்தான். பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் தம்முடைய இசையொன்றுக்கு அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்.

புளூ நோட்டின் முதலாளி ஆல்ஃபிரட் லயன் இவரிடம் வந்து சேர்ந்த கதை ரசமானது. கில் மெல்லே என்ற ஸாக்ஸபோன் கலைஞரின் பதிவொன்று அவர் காதில் விழுந்தது. அதன் தெளிவில் மயங்கி, தாம் வழக்கமாகப் போகும் கூடத்திற்கு அதை எடுத்துச் சென்று, இதே போன்ற நாதம் எனக்கும் வேண்டுமென்று கேட்டாராம். அங்கிருந்த ஒலிப்பதிவாளர் நேர்மையானவர். என்னால் ஆகாது, இதைச் செய்தவரிடமே போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இது நடந்தது 1953இல்.

அப்படி என்ன சூட்சுமம் என்று கேட்டால், பாதி விடை பௌதிகத்தில் இருக்கிறது. ஓர் அறையில் ஒரு வாத்தியம் ஒலிக்கும்போது நம் காதுக்கு வருவது ஒரே ஒலியன்று: வாத்தியத்திலிருந்து நேரே வருவது ஒன்று; சுவரிலும் கூரையிலும் தரையிலும் மோதித் திரும்பி வரும் நூற்றுக்கணக்கான சாயல்கள் மற்றொன்று. நேரொலியின் வலிமை, தூரம் இரட்டித்தால் நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும், அதாவது 6 டெசிபல் இறங்கும். திரும்பி வரும் ஒலியோ அறையெங்கும் ஏறத்தாழ ஒரே அளவாய் நிரம்பி நிற்கும். ஆகவே மைக்கை இரண்டடி முன்னே நகர்த்துவதும் பின்னே நகர்த்துவதும் வெறும் உரத்தைக் கூட்டிக் குறைக்கும் காரியமல்ல. வித்வானை நம் எதிரில் உட்கார்த்துவதா, மண்டபத்தின் கடைசியில் உட்கார்த்துவதா என்று தீர்மானிக்கும் காரியம். வான் கெல்டர் எதிரில் உட்கார்த்தினார். பெர்லின் நாய்மன் கம்பெனியின் 'யூ 47' மைக்கை அமெரிக்காவில் முதன்முதலில் வாங்கிய சிலருள் அவரும் ஒருவர். தலைமுடியை விட மெல்லிய, பொன் பூசிய ஒரு சவ்வு, அசையாத உலோகத் தகடொன்றின் முன்னே அதிர்ந்து, இரண்டுக்கும் இடையேயுள்ள மின்தேக்கம் மாற, அம்மாற்றத்தை உள்ளேயிருக்கும் வால்வு பெருக்கிக் கொடுக்கும் சாதனம் அது. ஸாக்ஸபோன்காரர் மூச்சிழுப்பதையும் சாவிகள் தட்டுப்படுவதையும்கூட அது விடாது.

மறு பாதி விடை விரல்களில் இருந்தது. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் பதிந்துகொண்டு ஆற அமரப் பின்னால் கலக்கிக் கொள்ளும் சௌகரியம் அந்தப் பதிவுகளில் இல்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து வாசிக்க வாசிக்க, ஒரே தடத்திலோ இரண்டு தடங்களிலோ எல்லாம் அப்போதே கலந்து இறங்கியாக வேண்டும். டிரம்பெட் தலைதூக்கும் கணத்தில் ஒரு குமிழ் இறங்க வேண்டும். டிரம்ஸ் அடங்கி பாஸ் தனியே பேசத் தொடங்குமுன் இன்னொரு குமிழ் ஏறியிருக்க வேண்டும். தவறினால் திருத்த வழியில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருப்பவனும் அந்தக் கோஷ்டியில் ஒருவன் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல.

1959இல் கண் பரிசோதனையைக் கைவிட்டு, இங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் வழி வந்த டேவிட் ஹென்கென் வகுத்த திட்டப்படி, வீட்டையும் கூடத்தையும் ஒன்றாகவே கட்டிக் கொண்டார். மர வளைவுகள் தாங்க, தேவதாரு வகைப் பலகை வேய்ந்த அதன் கூரை 39 அடி உயரம். உள்ளே நுழைந்தவர்களுக்குச் சர்ச்சின் நினைவு வந்ததில் ஆச்சரியமில்லை. சாதாரண வீட்டின் பத்தடிக் கூரையில் மோதிய ஒலி ஒரு செகண்டின் சுமார் நூற்றில் ஒரு பங்கில் மைக்குக்குத் திரும்பிவிடும். 39 அடிக் கூரையை எட்டித் திரும்ப அதைப் போல் சுமார் ஆறு மடங்கு காலமாகும். சுமார் முப்பது நாற்பது மில்லி செகண்டுக்குள் வந்து சேரும் எதிரொலியை நமது செவி நேரொலியோடு இணைத்து ஒன்றாகவே கொள்கிறது என்று ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து காட்டினார். அந்த எல்லையைத் தாண்டி வருவது தனித்து நின்று, வெளியின் விஸ்தாரத்தை நமக்கு அறிவிக்கிறது. ஹாக்கன்சாக் பதிவுகளில் நெருக்கமாக, சூடாக, கைக்கெட்டும் தூரத்தில் நின்ற வாத்தியங்கள், இங்கே தங்களைச் சுற்றி ஆகாயத்தைப் பெற்றுக் கொண்டதன் காரணங்களில் இதுவும் ஒன்று. 1964 டிசம்பர் 9ஆம் தேதி கோல்ட்ரேன் நால்வர் குழுவுடன் வந்து 'எ லவ் சுப்ரீம்' பதிந்தது இந்தக் கூரையின் கீழேதான்.

இனி அவருடைய சுபாவம். மைக்கைத் தொட வேண்டுமானால் கையுறை மாட்டிக் கொள்வார். கூடத்திற்குள் தின்பண்டமோ பானமோ கூடாது. யந்திரத்தின் மேல் எவர் விரலும் படக் கூடாது. எத்தனை பெரிய வித்வானாயிருந்தாலும் மைக்கை நகர்த்திவிட்டால் இவர் முகம் சுண்டிவிடும். எந்த மைக்கை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஆயுள் முழுவதும் அவர் விடை சொல்லவேயில்லை. புகைப்படம் எடுக்க வருகிறவர்களை ஏமாற்ற மைக்குகளை இடம் மாற்றி வைப்பார் என்று ஒரு பேச்சுக்கூட உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டுப்பாடு என்று சிலர் கேலி செய்தனர். லென்ஸின் மேல் ஒரு ரேகை படிந்தால் என்ன ஆகும் என்பதைத் தினமும் பார்த்த மனிதருக்கு அது கேலியாகப் பட்டிராது.

எல்லாரும் அவரைக் கொண்டாடவுமில்லை. பாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ், வாசிப்பவர்களின் தொனியையே இவர் மாற்றிவிடுகிறார் என்று வெளிப்படையாகக் குறைகூறி, அவரிடம் போக மறுத்தார். அவர் பதிந்த பியானோ பெட்டிக்குள் அடைபட்டதுபோல் ஒலிக்கிறது என்பது நெடுநாளைய ஆட்சேபம். என் காதுக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் தொனியை மாற்றாத ஒலிப்பதிவு என்று ஒன்று உண்டா? மைக்கை ஓரிடத்தில் வைத்த அந்தக் கணமே ஒருவருடைய அபிப்பிராயம் இசைக்குள் புகுந்துவிடுகிறது. மிங்கஸ் மறுத்ததும் சேகரிப்போர் விலை கொடுப்பதும் அந்த ஒரே அபிப்பிராயத்துக்காகத்தான்.

அந்தச் சேகரிப்போருக்கு ஒரு செய்தி கசப்பாயிருக்கும். தட்டு என்னும் சாதனத்தின் மேல் வான் கெல்டருக்கு யாதொரு பிரேமையும் இருந்ததில்லை. நிமிஷத்திற்கு 33⅓ சுற்று என்பது மாறாவிட்டாலும், ஓரத்தில் செகண்டுக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடும் ஒலிக்கோடு, நடுவை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அதே அளவு சங்கீதத்தைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் திணிக்க வேண்டியிருப்பதால் கடைசிப் பாட்டு கரகரக்கிறது. இரண்டு வெட்டு யந்திரங்களை ஒருசேர ஓட்டி ஒரே நாளில் 17 மூலத்தட்டுக்கள் வரை வெட்டியவர் அவர். ஒலியை மிகவும் கெடுத்தது தட்டுதான், அது ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷமே என்று 1995இல் கூசாமல் சொன்னார். 1999 முதல் தம் பழைய டேப்புகளைத் தாமே எடுத்து டிஜிட்டலில் திருத்தி வெளியிட்டார். ரசிகர்களில் ஒரு பகுதியினர் அவற்றைக் கேட்டுவிட்டு, பழைய தட்டே மேல் என்றனர். அவர் தம் அபிப்பிராயத்தை மாற்றிக் கொள்ளவில்லை. 2016 ஆகஸ்டு 25ஆம் தேதி, 91ஆம் வயதில், அந்த 39 அடிக் கூரையை ஒட்டிய வீட்டிலேயே காலமானார்.