பிறர் தோட்டத்தில் வைத்த பெட்டி

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். உங்கள் சபையில் சிறு விவசாயிகளுக்கு ஏதாவது செய்ய நினைக்கிறீர்கள்; ஆனால் பாதிப் பேருக்குக் குடியிருக்கும் பத்து சென்ட்தான் நிலம். அவர்களுக்கு என்ன செய்வது என்பதுதானே கேள்வி? மார்த்தாண்டத்தில் நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு பதில் கிடைத்தது.

அப்போது அது திருவிதாங்கூர். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே கிராமச் சீரமைப்பு மையம் நடத்தினார். கோழி, கைத்தொழில் என்று பலதையும் முயன்றார்கள். ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது தேனீதான்.

நம் நாட்டுத் தேனீ மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை கட்டும். பழைய முறையில் புகை போட்டு, அடையைப் பிய்த்து, புழுவும் முட்டையுமாகப் பிழிவார்கள். தேன் கலங்கலாக வரும், சீக்கிரம் புளிக்கும். அந்தக் கூடும் அதோடு போயிற்று. 1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். கிட்டத்தட்ட கால் அங்குலத்துக்கும் சற்று கூடுதலாக இடைவெளி விட்டால் தேனீ அதை மெழுகால் அடைப்பதில்லை. அந்த இடைவெளியோடு சட்டங்களைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு அடையையும் தனியே தூக்கலாம். அவர் செய்த பெட்டி நம் தேனீக்குப் பெரிது. 1910-களில் தென்னிந்தியாவில் நியூட்டன் பாதிரியார் அதைச் சிறிதாக்கினார். பிறகு மார்த்தாண்டம் பெட்டி என்றே ஒரு வகை வந்தது.

கீழ் அறையில் ராணி முட்டையிடும். மேல் அறையில் தேன் சேரும். மேல் சட்டத்தை மட்டும் எடுத்து, அடையின் மெழுகு மூடியைச் சீவி, இயந்திரத்தில் சுற்றினால் தேன் தெறித்து வந்துவிடும். அடை உடையாது. திருப்பி வைத்தால் தேனீக்கு மறுபடி மெழுகு கட்டும் வேலை மிச்சம்.

சரி, பூவுக்கு எங்கே போவது? கன்னியாகுமரிப் பக்கம் பூகூட வேண்டாம். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் மாசி, பங்குனியில், மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். தேனீ குடிப்பதால் பால் வெட்டுபவருக்கு நஷ்டமில்லை. ஆகவே அடுத்தவர் தோட்டத்தில் பெட்டி வைக்கலாம். நிலமில்லாதவரும் மகசூல் எடுக்கும் விவசாயம் வேறு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்!

ஆனால் பெட்டியைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். தெருவில் பாட்டிலோடு நிற்பவரிடம் "வெல்லப்பாகா?" என்றுதான் கேட்பார்கள். 1937-இல் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பலரிடம் சேரும் தேனை வாங்கி, ஒரே பெயரில் விற்க ஆள் வந்தது. என்னைக் கேட்டால் பெட்டியைவிட இதுதான் பெரிய உதவி.

தொல்லையும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் புழுக்களைத் தாக்கி, கூடுகளைக் கொத்துக் கொத்தாக அழித்தது. கூட்டைப் பிரித்துப் பெருக்கத் தெரிந்தவர்கள், தப்பிப் பிழைத்தவற்றை வைத்து மெல்ல மீண்டார்கள். அதனால் பயிற்சியை ஒரு நாள் கூட்டமாக முடித்துவிடாதீர்கள். கூடு பிரிக்கும் பருவத்தில் ஆள் கூடவே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வெளியே இரை கிடைக்காது, சர்க்கரைப்பாகு வைக்க வேண்டிவரும். கணக்கு எழுதும்போது பெட்டி விலைக்குக் கீழே அந்தச் சர்க்கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.