ஏழு தீவுகளின் கடல் – 6: சோளகம் வகுத்த வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, பாக்கு நீரிணையின் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பிலே, ஒன்றன் கரையில் நின்றால் மற்றொன்றின் பனந்தோப்புக் கண்ணுக்குப் புலப்படும்படி அணித்தணித்தாய்க் கிடக்கும் தீவுகளை ஒரே நாளிற் படகேறிச் சுற்றிவர விரும்புவோர், எந்தத் தீவுக்கு முதலிற் செல்வது, மதிய போசனத்தை எங்கே கொள்வது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று நிச்சயமானதொரு நிரலை எழுதித் தரும்படி இத்தொடர் ஆரம்பித்த நாள் முதலாகக் கேட்டு வருகிறார்கள். அப்படியொன்றை எழுதித் தருவது கடினமன்று. ஆனால் அதைக் கையிற் கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து நிற்பவருக்கு அதனால் விளையும் பயன் சொற்பமே. காணவேண்டிய இடங்களை நாம் முன்கூட்டித் தெரிந்துகொள்ளலாம். அவற்றின் முன்பின் வரிசையை மாத்திரம் காற்றிடமும், அந்தக் காற்றைப் பிறந்த நாள் தொட்டு அறிந்த படகோட்டியிடமும் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே இக்கடலிற் சஞ்சரிக்க விரும்பும் யாவருக்கும் நான் சொல்லக்கூடிய யோசனை.

சென்ற இதழிற் பண்ணைத் தாம்போதியின் வழியாக மண்டைதீவையும் வேலணையையும் கடந்து புங்குடுதீவு வரை வந்தோம். அதுவரைக்கும் தரைவழி உண்டு. வடக்கே காரைநகரும் பொன்னாலைத் தாம்போதியாற் குடாநாட்டுடன் பிணைக்கப்பட்டுவிட்டது. எஞ்சி நிற்பவை நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்கு. ஒல்லாந்தர் தங்கள் தாயகத்து நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டிய காலத்தில் நயினாதீவு ஹார்லெம் என்றும், அனலைதீவு ரொட்டர்டாம் என்றும், நெடுந்தீவு டெல்ஃப்ட் என்றும் அவர்களுடைய படங்களில் ஏறின. அவற்றுள் டெல்ஃப்ட் என்ற ஒன்றே இன்றும் அரசாங்கக் காகிதங்களில் நின்று நிலவுகிறது. இந்த நான்கையும் அடைவதற்குப் புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவானும், வேலணைத் தீவின் வடமேற்கிலுள்ள ஊர்காவற்றுறையும் இரு வாயில்களாக அமைந்திருக்கின்றன.

காற்றைப் பற்றி முதலிற் சொல்லியாக வேண்டும். வைகாசி பிறந்து சில நாட் கழியுமுன்னரே தென்மேற்கிலிருந்து எழும் சோளகக்காற்று ஆவணி, புரட்டாதி வரைக்கும் ஓயாது வீசும். ஐப்பசி முதலாக வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கி மழையையும் இருண்ட கடலையும் கொண்டுவரும். இவ்விரண்டுக்கும் இடையே, தை கழிந்து சித்திரை முடியும் வரையுள்ள காலத்திலேதான் நீர்ப்பரப்புச் சலனமற்றுப் பளிங்கு போலக் கிடக்கும். ஆழமில்லாத கடல் சாதுவான கடல் என்று நினைப்பது வெளியூரார் வழக்கம். உண்மை அதற்கு மாறானது. ஆழங்குறைந்த நீரிலே காற்றுப் பட்டதும் எழும் அலைகள் உயரத்திற் சிறியனவாயினும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழுந்து, ஒன்றிலிருந்து படகு நிமிருமுன் அடுத்ததைக் கொண்டுவந்து மோதும். சோளகக் காலத்தில் நெடுந்தீவுக்குச் செல்லும் கடல்வழி அக்காற்றுக்கு நேரே திறந்து கிடக்கிறது. அனலைதீவுக்கும் வேலணைக்கும் இடைப்பட்ட நீரோ தீவுகளின் மறைவிலே ஓரளவு அடங்கியிருக்கிறது. ஒரு நாளின் வழியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒரு வேற்றுமைதான்.

குறிகட்டுவானில் விடியற்காலத்திற் சென்று நிற்பவர் தீவுகளின் வாழ்க்கை முழுவதையும் அந்தச் சிறிய துறையிலேயே கண்டுகொள்ளலாம். சீமெந்து மூட்டைகளும், எரிவாயுச் சிலிண்டர்களும், பாண் நிரம்பிய பெட்டிகளும், சக்கரம் மேலே நோக்கிக் கிடத்தப்பட்ட துவிச்சக்கர வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கப்பட்ட பிறகே பிரயாணிகள் ஏறுகிறார்கள். நயினாதீவுப் படகுகள் பெரும்பாலும் மரத்தாற் செய்யப்பட்டவை. தலையைக் குனிந்து கீழே இறங்கிப் பலகையில் அமர்ந்தால், பக்கத்துச் சிறு சாளரத்தின் வெளியே கடல் நமது தோளின் மட்டத்தில் ஓடுவதைக் காணலாம். நடுவிலிருக்கும் இயந்திரத்தின் உஷ்ணமும் டீசல் மணமும், அம்மனுக்கென்று யாரோ மடியில் வைத்திருக்கும் மல்லிகைச் சரத்தின் வாசனையும் ஒன்றாகக் கலந்து வரும். இருபது நிமிஷத்துக்குள் நயினாதீவு வந்துவிடும்.

நாகபூஷணி அம்மன் கோயிலின் கோபுரம் துறைக்கு நேரே உயர்ந்து நிற்கிறது. அதிலிருந்து சிறிது தூரம் நடந்தால் நாக விகாரை. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்று கொள்ளும் ஆய்வாளர் பலர் உளர். மணியாசனம் ஒன்றின் பொருட்டுப் பகைகொண்ட நாக அரசர் இருவரைப் புத்தபகவான் எழுந்தருளிச் சமாதானஞ் செய்த கதையை மகாவம்சமும் சொல்லுகிறது. இரு சமயத்தாரும் ஒரே சிறு தீவுக்கு ஒரே படகில் வந்து, ஒரே துறையில் இறங்கி, இரு திசையாகப் பிரிந்து செல்வதைப் பார்க்கும்போது, பழைய கதையின் சமாதானம் கதையோடு நின்றுவிடலாகாது என்ற ஆசை நம்மை அறியாமலே நெஞ்சில் எழுகிறது. அன்னதான மண்டபம் அமுதசுரபியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே உச்சிவேளையில் வந்தவர் எவரும் பசியோடு திரும்புவதில்லை. ஆனி மாதத்து மகோற்சவ காலத்திலோ குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையே படகுகள் ஓயாது ஓடிக்கொண்டேயிருக்கும். அந்நாட்களில் தீவுகளைச் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தை ஒதுக்கிவிட்டு அம்மனைத் தரிசித்துத் திரும்புவதே உத்தமம்.

கோயில் ஐதீகம் ஒன்று இந்தக் கடல்வழியோடு சம்பந்தப்பட்டது. அனலைதீவின் அருகேயுள்ள புளியந்தீவிலிருந்து நாகமொன்று வாயிற் பூவைக் கவ்விக்கொண்டு அம்மனை வழிபடக் கடலில் நீந்தி வந்ததாகவும், கருடன் அதை இடையிலே மறித்ததாகவும், அவ்வழியே கலத்தில் வந்த வணிகன் ஒருவன் நாகத்துக்காகப் பரிந்து பேசி அதைக் காத்ததாகவும் சொல்வார்கள். நாகம் சுற்றிக்கொண்ட கல்லும், கருடன் அமர்ந்த கல்லும் கடலிலே இன்றும் இருக்கின்றன. யாத்திரிகரோடு செல்லும் ஓட்டிகள் கைநீட்டி அவற்றைக் காட்டத் தவறுவதில்லை.

ஆயினும் நயினாதீவிலே என் மனத்தை அதிகமாக ஈர்த்து நிறுத்துவது வேறொரு கல். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன், 12ஆம் நூற்றாண்டிலே, தமிழ் மொழியிற் பொறிப்பித்த சாசனம் இத்தீவின் அம்மன் கோயிலில் இருக்கிறது, பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் படித்து வெளியிட்டார். அரசனின் ஆணையாக அதிற் கூறப்படுவது மிகவும் சுவாரஸ்யமானது. பரதேசத்து வணிகர் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்து தங்க வேண்டும். அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும். பல துறைகளிலிருந்தும் அன்னியர் நமது துறைக்கு வந்து கூட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கலங்கள் உடைந்துபோனால் கரைசேர்ந்ததில் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும், மற்ற மூன்று பங்கு உடையவனுக்கும் ஆகும். மற்றைச் சரக்குக் கலங்கள் உடைந்தாற் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு.

இந்தச் சில வரிகளை நின்று யோசித்தால் இக்கடலின் சரித்திரமே விரிகிறது. சேனைக்கு வேண்டிய மிருகங்களைக் கொணரும் வணிகனுக்கு அதிகச் சலுகை. பிறருக்குக் குறைந்த சலுகை. இருவருக்கும் பொதுவாக ஒரு நிச்சயம், கலம் உடைந்தாலும் சர்வமும் போய்விடாது என்பது. சிங்கள நாட்டு மன்னன் தன் ஆணையைத் தமிழிற் பொறிப்பித்ததிலிருந்து, இத்துறைகளுக்கு வந்துபோன வணிகர் எந்த மொழியைப் படித்தறிந்தனர் என்பதும் தெளிவாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கலங்கள் உடையும் என்பதை அவ்வரசன் கடல் வாணிபத்தின் சாதாரண நிகழ்ச்சியாக ஏற்றுக்கொண்டு, அதற்கு முன்னதாகவே பிரமாணம் வகுத்து வைத்தான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் யானையையும் குதிரையையும் ஏற்றி வந்த கலங்களே இந்தக் கடலிலே தங்கள் நாளையும் வழியையும் நிச்சயம் செய்ய முடியாதிருக்க, ஓய்வு நாளொன்றிலே காட்சி பார்க்கப் புறப்படும் நாம் அலையிடம் மணிக்கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

நயினாதீவுத் துறையில் நண்பர் சிலரோடு நான் வாடகைப் படகொன்றை அமர்த்தியபோது நெடுந்தீவுக்குச் செல்வதே எங்கள் எண்ணமாயிருந்தது. ஓட்டி வயதானவர். மேற்கே சிறிது நேரம் பார்த்தார். "ஐயா, சோளகம் எழும்பிட்டுது. இண்டைக்கு நெடுந்தீவுப் பக்கம் போனால் வரேக்கை நல்லா நனைஞ்சுதான் வருவியள். அனலைதீவுப் பக்கம் விடட்டோ?" என்று கேட்டார். வாடகை அதிகம் கிடைக்கும் தூரப் பிரயாணத்தைத் தாமே விலக்கிக் குறைந்த தூரத்தைச் சொல்லும் மனிதரின் வார்த்தையிலே சந்தேகம் கொள்வதற்கு இடமில்லை. படகு வடக்கே திரும்பியது.

அன்று கண்ட சௌந்தரியத்தை எழுதுவதற்கு இந்த இதழின் பக்கங்கள் போதா. அனலைதீவை நெருங்க நெருங்க நீரின் நிறம் கருநீலத்திலிருந்து பச்சையாகவும், பச்சையிலிருந்து வெளிர்மஞ்சளாகவும் மாறி, அடியிலே சாதாழைப் படுகைகள் காற்றடிக்கும் வயலெனச் சாய்ந்து சாய்ந்து எழுவது துல்லியமாகத் தெரிந்தது. ஓட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு மரக்கோல் தாங்கினார். கோலின் நுனி தட்டிய இடத்தில் மணல் புகைபோல எழும்பி, அதனிடையிலிருந்து சிறு நண்டொன்று பக்கவாட்டாக ஓடி மறைந்தது. ஓராவும் ஒட்டியும் மேய்வது இந்தப் படுகைகளிலேதான். கரையிலே அலை ஒதுக்கிய சாதாழை கறுத்துக் காய்ந்து குவிந்திருந்தது. அதை அள்ளிக்கொண்டுபோய்த் தோட்டத்து மண்ணுக்கு எருவாகத் தாழ்ப்பது தீவகத்துக் கமக்காரர் தொன்றுதொட்டுச் செய்துவரும் வேளாண்மை முறை. கடலிலிருந்தும் பனையிலிருந்தும் ஒவ்வொன்றையும் வீணாக்காமல் வாங்கிக்கொள்ளத் தெரிந்த மக்கள் இவர்கள்.

அனலைதீவில் ஐயனார் கோயிலையும் புகையிலைத் தோட்டங்களையும் பார்த்துவிட்டு, எழுவைதீவைச் சுற்றி வந்து, கிழக்கே ஊர்காவற்றுறை வாய்க்குள் நுழைந்தோம். எழுவைதீவு மிகச் சிறியது. அங்கே இறங்கி நடப்பதிலும் படகிலிருந்தபடியே அதன் கரையோரத்தைப் பார்த்துச் செல்வது அழகாயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நீரிலிருந்து நேரே எழுந்து நிற்கிறது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டிய இதனை ஒல்லாந்தர் 1658இல் முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்கள் குடிநீர் இல்லாமையாற் சரணடைந்தனர். நாற்புறமும் கடலாற் சூழப்பட்ட தீவிலே நன்னீர்க் கிணறு எவ்வளவு அருமையான பொருள் என்பதைப் பீரங்கிகளாலும் மறைக்க முடியவில்லை. அந்த அருமை இன்றும் தீரவில்லை.

ஊர்காவற்றுறையில் இறங்குவோர் அருகேயுள்ள கரம்பொன்னுக்கும் ஒருமுறை சென்று வருவது நன்று. 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்குவதிலும், 1966இற் கோலாலம்பூரிலே முதல் மாநாட்டைக் கூட்டுவதிலும் முன்னின்ற தனிநாயகம் அடிகளார் 1913இற் பிறந்தது அவ்வூரிலேதான். அதன்பின் வந்த வழியே திரும்ப வேண்டிய அவசியமில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறி, மோட்டார்ச் சைக்கிள்களோடும் மீன்கூடைகளோடும் நின்றபடியே காரைநகர்க் கரையை அடைந்து, பொன்னாலைத் தாம்போதியின் வழியாக யாழ்ப்பாண நகரை வந்தடையலாம். தாம்போதியின் இருமருங்கிலும் சிறகுவலைக் கம்பங்கள் நீரில் வரிசை வரிசையாக நிற்கும்; பருவகாலமானாற் கடனீரேரியில் இரைதேடும் நாரைக் கூட்டங்களையும் காணலாம். போன வழி வேறாகவும் வந்த வழி வேறாகவும் அமையும் இந்த வட்டப் பிரயாணத்தை எந்த நிரலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. சோளகமே வகுத்துக் கொடுத்தது.

விடுமுறை நாட்களிற் பெருந்திரளாக வருவோரிடம் ஒரு வேண்டுகோளையும் நான் மனப்பூர்வமாக முன்வைக்க விரும்புகிறேன். நமக்கு உல்லாசப் பிரயாணமாயிருக்கும் இதே படகு, தீவில் வாழ்பவர்களுக்கு வைத்தியசாலைக்கும், பாடசாலைக்கும், சந்தைக்கும் போகும் ஒரேயொரு வழி. கர்ப்பவதியான ஒரு பெண்ணும், காய்ச்சலோடு பிள்ளையைத் தோளிற் போட்டிருக்கும் ஒரு தாயும், முதற் படகுக்கு ஓடிவரும் ஆசிரியரும் கரையில் நிற்க, நாம் முண்டியடித்து ஏறி அமர்ந்துகொள்வது தகாது. அடுத்த படகுக்குக் காத்திருப்பதால் நமது நாள் குறைந்துவிடப் போவதில்லை. கூட்டம் அளவு மீறிய படகிலே ஏற மறுப்பதும், பாதுகாப்பு அங்கியைக் கேட்டு வாங்கி அணிந்துகொள்வதும் கோழைத்தனமென்று எவரும் எண்ண வேண்டா. கொண்டுசென்ற பிளாஸ்டிக் போத்தல்களைத் தீவிலே விட்டெறிந்து வருவது பெரும் பாதகம். அவற்றை அப்புறப்படுத்துவதற்கும் அம்மக்களுக்குப் படகுதான் வேண்டும்.

நெடுந்தீவைப் பற்றி இங்கே விரித்து எழுதாததற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீற்றர் பரந்த அத்தீவு, மற்றத் தீவுகளைப் பார்த்துவிட்டு மிச்சமிருக்கும் நேரத்தில் எட்டிப் பார்க்கத் தக்கதன்று; சுண்ணச்சாந்தின்றி முருகைக்கற்களை அடுக்கிய அதன் கல்வேலிகளும், பெருக்குமரமும், தரவையில் அலையும் கட்டைக் குதிரைகளும் ஒரு முழு நாளை உரிமையோடு கேட்கின்றன. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரம் கடலில் ஓட வேண்டிய அந்த வழியிலே, 1985 மே 15ஆந் தேதி, குமுதினி என்ற படகு மறிக்கப்பட்டுக் குழந்தைகள் உட்பட இருபதுக்கு மேற்பட்ட பிரயாணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதே குமுதினி பின்னரும் பல்லாண்டுகள் அத்தீவு மக்களைச் சுமந்து அவ்வழியே ஓடியது. நெடுந்தீவுக்குச் செல்பவர் அதை அறிந்துகொண்டே செல்ல வேண்டும். அடுத்த இதழில், சோளகம் தணிந்த ஒரு மாசி மாதத்துக் காலையில், அங்கே செல்வோம்.